திருவிழா நேரடி ஒளிபரப்பும் பழைய கணனியும்

ஆலய வழிபாட்டிலே தரிசனம் முதன்மையானது. கொடியேற்றம் தொடக்கம் தீர்த்தம் வரை எழுந்தருளி வீதி வலம் வரும் இறைவனைக் கண்குளிரக் காண்பதையே அடியார்கள் பெரும்பேறாகக் கொள்வர். 1983 ஆம் ஆண்டின் பின்னர் ஈழத்துக் கிராமங்களை விட்டுப் புலம்பெயர்ந்து சென்றோரில் பலருக்கு இப்பேறு ஆண்டுதோறும் கிட்டுவதில்லை. 2020 ஆம் ஆண்டிலே கொரோனாப் பெருந்தொற்றுக் காரணமாக ஆலயங்களில் ஒன்றுகூடுவோர் தொகை மட்டுப்படுத்தப்பட்டபோது, ஊரிலே இருந்தவர்கள்கூட வீட்டிலிருந்தபடியே திருவிழாவைக் காண நேர்ந்தது. இக்காரணங்களால் இணையவழி நேரடி ஒளிபரப்பு இன்று சிறிய கிராமத்து ஆலயங்களிலும் ஒரு தொண்டாகவே வளர்ந்துள்ளது.

ஆவணி மாதத்தில் ஊரிலே காலை 7.00 மணிக்குத் தேர் வடம் பிடிக்கப்படுகின்றது என்று கொள்வோம். அவ்வேளை லண்டனில் அதிகாலை 2.30 மணி, ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 9.30 மணி, சிட்னியில் முற்பகல் 11.30 மணி. நித்திரை விழித்து, முழுகி, விளக்கேற்றிவைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கும் முதியவர்கள் பலர். சிதறு தேங்காய் உடைக்கப்பட்டுத் தேர் அசையத் தொடங்கும் அந்தக் கணத்திலே படம் நின்றுவிடுகின்றது; அல்லது விட்டுவிட்டுத் துள்ளுகின்றது. பின்னர் பதிவினைப் பார்க்கலாம் என்பது உண்மையே. ஆயினும், அவர்கள் விழித்திருந்தது அந்தக் கணத்திற்காக அல்லவா?

இவ்வாறு நிகழும்போது, “கணனி பழையது, புதியதொன்று வாங்கவேண்டும்” என்பதே பெரும்பாலும் எழும் முதற் பேச்சாகும். சில வேளைகளில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால், பல வேளைகளில் குற்றம் கணனியின் வயதில் இல்லை. அதன் மீது ஏற்றப்பட்ட தேவையற்ற சுமையிலேயே உள்ளது. அடியார்களின் காணிக்கைப் பணத்திலே ஒரு சதம் செலவிடுவதற்கு முன்னர், இருக்கும் கணனியின் சுமையை எவ்வாறு குறைக்கலாம் என்பதை அறிந்து கொள்ளுதல் நன்று.

ஒளிபரப்பு நடைபெறும் விதம்

நேரடி ஒளிபரப்பிற்குப் பெரும்பாலானோர் பயன்படுத்துவது ‘ஓ.பி.எஸ். ஸ்ரூடியோ’ எனும் மென்பொருளாகும். 2012 ஆம் ஆண்டிலே முதன்முதலாக வெளியிடப்பட்ட இம்மென்பொருள் திறந்த மூல முறையில் பலரது உழைப்பால் வளர்ந்து வருவது, விலையின்றிக் கிடைப்பது. இதனுள்ளே மூன்று வேலைகள் இடைவிடாது நடைபெறுகின்றன.

இவற்றைப் பூமாலைத் தொண்டிற்கு ஒப்பிடலாம். முதலில் பூக்களைக் கொய்து ஓரிடத்தில் சேர்க்கின்றனர். அடுத்து அவற்றை நெருக்கமாகத் தொடுக்கின்றனர். பின்னர் தொடுத்த மாலையைச் சந்நிதிக்குக் கொண்டு செல்கின்றனர். அவ்வாறே ஓ.பி.எஸ். மென்பொருளும் முதலில் கமராவின் படம், ஆலயத்தின் பெயர்ப் பட்டி, எழுத்துக்கள் முதலியவற்றை ஒன்றுசேர்த்து ஒரு முழுப் படமாக வரைகின்றது. அடுத்து அப்படத்தைச் சுருக்குகின்றது. இதற்குக் குறியாக்கம் என்று பெயர். மூன்றாவதாக, சுருக்கியதை இணையத்தினூடாக யூரியூப், பேஸ்புக் போன்ற தளங்களுக்கு அனுப்புகின்றது. இம்மூன்றும் ஒரு செக்கனுக்கு 25 அல்லது 30 தடவைகள் தவறாது நடைபெறவேண்டும்.

இவற்றுள் மிகவும் பாரமானது இரண்டாவது வேலையாகும். ஒரு சிறு கணக்கின் மூலம் இதனை விளங்கிக் கொள்ளலாம். 1280 புள்ளி அகலமும் 720 புள்ளி உயரமும் கொண்ட படம் ஒன்றிலே 921,600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்கு 12 பிற் வீதம், செக்கனுக்கு 30 படங்கள் எனக் கணக்கிட்டால், சுருக்காத காட்சி செக்கனுக்கு ஏறத்தாழ 331 மெகாபிற் அளவினதாகும். இதனை 2.5 மெகாபிற் அளவிற்குள், அதாவது ஏறத்தாழ 130 இல் ஒரு பங்காக, கணனி சுருக்கவேண்டியுள்ளது. அதுவும் ஓய்வின்றி, மூன்று நான்கு மணி நேரம் தொடர்ந்து செய்யவேண்டும்.

முதலில் நோயறிதல்

நோய் அறியாது மருந்து கொடுத்தல் ஆகாது. படம் தடைப்படும் போது அதற்கான காரணத்தை ஓ.பி.எஸ். மென்பொருளே எடுத்துக் காட்டுகின்றது. மேலே உள்ள பட்டியில் ‘டொக்ஸ்’ எனும் பகுதியைத் திறந்து ‘ஸ்ரற்ஸ்’ என்பதைத் தெரிவு செய்தால் சிறிய சாளரம் ஒன்று தோன்றும். அதிலே மூன்று எண்ணிக்கைகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ‘றெண்டரிங் லாக்’ காரணமாகத் தவறிய படங்கள். இது கூடுமாயின் படத்தை ஒன்றுசேர்த்து வரையும் வரைகலைப் பகுதி களைத்துவிட்டது என்பது பொருள்.

இரண்டாவது, ‘என்கோடிங் லாக்’ காரணமாகக் கைவிடப்பட்ட படங்கள். இது கூடுமாயின் குறியாக்கும் வேலை உரிய நேரத்தில் முடியவில்லை என்பது பொருள். பழைய கணனிகளில் அதிகம் காணப்படுவது இதுவே.

மூன்றாவது, ‘நெற்வேர்க்’ காரணமாக விழுந்த படங்கள். இதற்கும் கணனியின் வலுவிற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. இணைய இணைப்புப் போதவில்லை என்பதே இதன் பொருள். எத்துணை விலையுயர்ந்த கணனி வாங்கினாலும் இக்குறை தீராது.

முதலாவதும் இரண்டாவதும் கணனியின் நோய்கள். மூன்றாவது இணைப்பின் நோய். இவ்வேறுபாட்டை அறியாமையினாலேயே பணம் வீணாகின்றது எனலாம்.

படத்தின் அளவைக் குறைத்தல்

கணனியின் சுமையைக் குறைக்கும் வழிகளுள் மிக எளியதும் அதிக பயன் தருவதும் இதுவாகும். 1920 இற்கு 1080 எனும் பெரிய அளவிலே, செக்கனுக்கு 60 படங்கள் அனுப்பும்போது கணனி ஒவ்வொரு செக்கனிலும் 124,416,000 புள்ளிகளைக் கையாள வேண்டும். 1280 இற்கு 720 எனும் அளவிலே 30 படங்கள் அனுப்பும்போது 27,648,000 புள்ளிகளே. அதாவது சுமை நாலரை மடங்கு குறைகின்றது. பார்ப்பவர்கள் கையடக்கத் தொலைபேசியிலே காணும்போது இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால், பெரிய படம் நின்று நின்று ஓடினால் அனைவருக்கும் தெரியும்.

‘செற்றிங்ஸ்’ பகுதியில் ‘வீடியோ’ எனும் பிரிவிலே இரண்டு அளவுகள் கேட்கப்படும். ஒன்று படம் வரையப்படும் அளவு. மற்றையது வெளியே அனுப்பப்படும் அளவு. பலர் முதலாவதைப் பெரிதாக விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் குறைக்கின்றனர். அவ்வாறு செய்தால் பெரிய படத்தை வரைந்து, பின்னர் அதனைச் சிறிதாக்கும் மேலதிக வேலை ஏற்படுகின்றது. இரண்டையும் 1280 இற்கு 720 என ஒன்றாகவே வைத்தல் நன்று. கமராவையும் அதே அளவில் அமைத்துக் கொள்ளவேண்டும்.

கணனி மிகவும் வலுக்குறைந்ததாயின் 854 இற்கு 480 எனும் அளவிற்கு இறங்குவதில் தவறில்லை. அதிலே 409,920 புள்ளிகளே உள்ளன. 720 அளவின் பாதிக்கும் குறைவு. தடையின்றி ஓடும் சிறிய படம், தடைப்படும் பெரிய படத்திலும் மேலானது.

செக்கனுக்கு எத்தனை படங்கள் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண் உடையது. இதனால் சில மின்விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இம்மினுக்கம் கமராவிலே கோடுகளாக ஓடுவதுண்டு. கமரா 25 படங்கள் தரக்கூடியதாயின் ஓ.பி.எஸ். மென்பொருளிலும் 25 என வைத்தால் இத்தொல்லை குறைவதோடு, 30 படங்களிலும் பார்க்கச் சுமையும் ஆறில் ஒரு பங்கு குறையும். கமரா 30 மட்டுமே தருமாயின் இரண்டையும் 30 ஆகவே விட்டு, கமராவின் அமைப்பிலே 50 ஹேர்ட்ஸ் என்பதைத் தெரிவு செய்யவேண்டும். ஒன்று 25, மற்றையது 30 என இருப்பின் வீதியுலாக் காட்சி சீராக நகராது.

குறியாக்கும் வேலையை உரியவரிடம் ஒப்படைத்தல்

மாலை தொடுப்பதற்கென்றே கைதேர்ந்த ஒருவர் மண்டபத்தில் அமர்ந்திருக்க, அவரை விட்டுவிட்டுத் தலைவரே எல்லா வேலைகளுக்கும் நடுவில் மாலையும் தொடுத்தால் எவ்வாறிருக்கும்? பல கணனிகளிலே நடப்பது இதுவே. ‘எக்ஸ் 264’ எனும் குறியாக்கியைத் தெரிவு செய்தால் கணனியின் மூளையாகிய சி.பி.யூ. பகுதியே முழு வேலையையும் செய்கின்றது. ஆனால், 2011 ஆம் ஆண்டிலிருந்து இன்ரெல் நிறுவனத்தின் கோர் வகைச் சில்லுகள் பெரும்பாலானவற்றில் ‘குவிக் சிங்க்’ எனும் தனிப் பகுதி ஒன்று காட்சியைச் சுருக்குவதற்கென்றே அமைந்துள்ளது. 2012 ஆம் ஆண்டிலிருந்து என்விடியா நிறுவனத்தின் வரைகலை அட்டைகளில் ‘என்வென்க்’ எனும் பகுதி அதே வேலையைச் செய்கின்றது.

‘செற்றிங்ஸ்’ பகுதியில் ‘அவுட்புட்’ எனும் பிரிவிலே ‘என்கோடர்’ பட்டியலைத் திறந்து பார்க்கவேண்டும். இவற்றுள் ஒன்று அங்கு தோன்றுமாயின் அதனைத் தெரிவு செய்து பரீட்சித்தல் வேண்டும். சி.பி.யூ. பகுதியின் சுமை பெருமளவு குறைவதை உடனே காணலாம். பழைய சில்லுகளில் படத்தின் தெளிவு சற்றுக் குறையக்கூடும். ஆயினும் ஓட்டம் சீராகும்.

அத்தகைய பகுதி இல்லையெனின் ‘எக்ஸ் 264’ இன் வேகத்தை மாற்றலாம். வழமையாக அது ‘வெரி பாஸ்ற்’ என இருக்கும். அதனைச் ‘சுப்பர் பாஸ்ற்’ என்றோ ‘அல்ரா பாஸ்ற்’ என்றோ மாற்றினால் கணனி குறைவாகவே உழைக்கும். விரைந்து தொடுத்த மாலை சற்று நெகிழ்ந்திருப்பது போல, அதே அளவு தரவிலே படம் சற்று மங்கலாகும். ‘ஸ்லோ’ எனும் பெயருடையவை தரமானவை எனக் கருதி அவற்றைத் தெரிவு செய்தல் பழைய கணனிக்கு ஆகாது.

திருவிழாவை வீட்டுக் கணனியில் பதிந்து வைக்கவும் விரும்பினால், பதிவின் தரத்தை ஒளிபரப்பின் தரமே என அமைக்கவேண்டும். வேறு தரத்தில் பதியுமாறு அமைத்தால் கணனி ஒரே காட்சியை இரண்டு தடவைகள் சுருக்க நேரிடும்.

தேவையற்ற அலங்காரங்களை நீக்குதல்

சுவாமிக்குச் சாத்துப்படி அழகு. ஒளிபரப்புத் திரைக்கு எளிமையே அழகு. அசையும் விளக்குகள், சுழலும் பூக்கள், ஓடும் எழுத்துக்கள் என ஒவ்வொன்றையும் கணனி ஒவ்வொரு படத்திலும் மீண்டும் வரைகின்றது. ஆலயத்தின் பெயர், திருவிழாவின் பெயர், உபயகாரர் விபரம் ஆகியவற்றை அசையாத ஒரே படமாக முன்னரே தயாரித்து வைத்துக்கொண்டால் போதுமானது.

‘பிறவுசர்’ வகை மூலங்கள் மிகப் பாரமானவை. இணையப் பக்கமொன்றைத் திரையிலே காட்டுவதற்காக முழு உலாவி ஒன்றே மறைவில் இயங்குகின்றது. நினைவகம் குறைந்த கணனியில் இவற்றை முற்றாகத் தவிர்த்தல் நன்று.

காட்சியிலிருந்து மறைக்கப்பட்ட கமராவும் பின்னணியில் தொடர்ந்து இயங்கக்கூடும். பயன்படுத்தாத கமராவை நீக்கிவிட வேண்டும். அல்லது திரையில் தோன்றாதபோது இயக்கத்தை நிறுத்துமாறு அதன் அமைப்பிலே குறியிட வேண்டும். ‘ஸ்ரூடியோ மோட்’ எனும் வசதி இரண்டு திரைகளை ஒரே வேளையில் வரைகின்றது. ஒரே கமராவுடன் ஒளிபரப்புச் செய்வோருக்கு அது வேண்டியதில்லை. ஒளிபரப்புச் சீராக ஓடத் தொடங்கியதும் முன்னோட்டத் திரையின் மீது வலப்பக்கச் சொடுக்கல் செய்து, முன்னோட்டத்தையே நிறுத்திவிடலாம். பார்ப்பவர்களுக்குப் படம் வழமை போலவே செல்லும்.

மென்பொருளுக்கு வெளியே செய்யவேண்டியவை

ஒளிபரப்புச் செய்யும் கணனியிலேயே யூரியூப் பக்கத்தைத் திறந்துவைத்து, படம் சரியாகப் போகின்றதா எனப் பார்ப்பது பலரிடம் உள்ள வழக்கமாகும். இது கணனிக்கும் இணைப்புக்கும் இரட்டைச் சுமையாகும். வேறொரு கையடக்கத் தொலைபேசியில், வேறு இணைப்பிலே பார்ப்பதே முறையாகும்.

விண்டோஸ் இயங்குதளம் தன்னைத் தானே புதுப்பிக்கும் வேலை திருவிழா வேளையிலே தொடங்காதவாறு முன்னரே இடைநிறுத்தி வைக்கவேண்டும். மடிக்கணனி மின்கலத்தில் இயங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆதலால் மின்னிணைப்பிலேயே வைத்திருத்தல் அவசியம். சூடேறினாலும் வேகம் குறையும். வெயில் படும் இடத்திலோ துணி விரித்த மேசையிலோ வைக்காது, அடியில் காற்றுப் புகுமாறு இரு மரத்துண்டுகளின் மேல் உயர்த்தி வைத்தல் நன்று. தூசி அடைத்த விசிறியைத் திருவிழாவிற்கு முன்னர் துப்புரவு செய்வதாலேயே சில கணனிகள் மீண்டும் உயிர்பெறுவதுண்டு.

2022 ஆம் ஆண்டிலே வெளிவந்த 28 ஆம் பதிப்பிலிருந்து ஓ.பி.எஸ். மென்பொருள் விண்டோஸ் 7, விண்டோஸ் 8 ஆகியவற்றிலே இயங்குவதில்லை. அத்தகைய கணனியை வைத்திருப்போர் 27 ஆம் பதிப்பையே பயன்படுத்தவேண்டி இருக்கும்.

இணைப்பின் வலுவை அறிதல்

இணையத்தின் வேகத்தை அளக்கும்போது இறங்கும் வேகத்தை அன்றி, ஏறும் வேகத்தையே கவனிக்கவேண்டும். அனுப்பும் அளவு அந்த ஏறும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்படாதிருத்தல் பாதுகாப்பானது. ஓ.பி.எஸ். மென்பொருளிலே அனுப்பும் அளவை 2,500 கிலோபிற் என அமைத்ததாகக் கொள்வோம். ஒலிக்கு 128 கிலோபிற் சேர்த்தால் ஒரு மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ 1.2 ஜிகாபைற் தரவு செலவாகும். பத்து நாள் மகோற்சவத்திலே நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் ஏறத்தாழ 36 ஜிகாபைற் வேண்டும். 1,500 கிலோபிற் ஆகக் குறைத்தால் 22 ஜிகாபைற் போதும்.

படத்தின் அளவைக் குறைக்க வேண்டி வந்தாலும் ஒலியைக் குறைத்தல் ஆகாது. நாதஸ்வரமும் தவிலும் மணியோசையும் தெளிவாகக் கேட்குமாயின், படம் சற்று மங்கலாயினும் அடியார்களின் மனம் வீதியிலேயே நிற்கும்.

தேர் நாளிலே சன நெரிசல் காரணமாகத் தொலைபேசிக் கோபுரத்தின் சுமை பன்மடங்கு கூடும். முதல்நாள் ஆளில்லா வீதியிலே அளந்த வேகம் அன்று கிடைக்காது. இயலுமாயின் அருகிலுள்ள வீடொன்றின் கம்பியிணைப்பைக் கேட்டுப் பெறுதல் சிறந்தது. ஓ.பி.எஸ். மென்பொருளின் ‘அட்வான்ஸ்ட்’ பிரிவிலே, இணைப்புக்கு ஏற்ப அனுப்பும் அளவைத் தானாகவே மாற்றும் வசதி ஒன்றும் உண்டு. அதனையும் குறியிட்டு வைக்கலாம்.

ஒத்திகையே உறுதி

யூரியூப் தளத்திலே முதன்முதலாக நேரடி ஒளிபரப்பு வசதியைப் பெறுவதற்கு 24 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். ஆதலால் கொடியேற்றத்திற்குச் சில நாட்களுக்கு முன்னரே ஆயத்தங்களைத் தொடங்குதல் வேண்டும். அத்தளத்திலே பிறர் காணாதவாறு ஒளிபரப்பும் வசதியும் உண்டு. அதனைப் பயன்படுத்தி, ஆலயத்திலேயே, அதே கமரா, அதே இணைப்புடன் குறைந்தது ஒரு மணித்தியாலம் ஒத்திகை பார்க்கவேண்டும். ஐந்து நிமிடம் சரியாக ஓடும் கணனி, சூடேறிய பின்னர் நாற்பதாவது நிமிடத்தில் தளர்ந்துவிடலாம்.

ஒத்திகையின்போது ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, ‘ஸ்ரற்ஸ்’ சாளரத்திலே மூன்று எண்ணிக்கைகளும் எவ்வாறு மாறுகின்றன எனக் கவனிக்கவேண்டும். பல மாற்றங்களை ஒருங்கே செய்தால் எது பயன் தந்தது என அறிய முடியாது. சரியாக அமைந்த எண்களை ஒரு கொப்பியிலே எழுதி ஆலய அலுவலகத்தில் வைத்தல் மிக நன்று. இவ்வாண்டு இத்தொண்டினைச் செய்யும் இளைஞர் அடுத்த ஆண்டு படிப்பின் பொருட்டோ தொழிலின் பொருட்டோ ஊரைவிட்டுச் செல்லலாம். அவருடனே அறிவும் சென்றுவிடாதிருக்க அக்கொப்பி உதவும். தேர் நாளிலே புதிய பரீட்சை எதுவும் செய்யலாகாது.

இவை அனைத்தையும் செய்த பின்னரும் ‘றெண்டரிங்’, ‘என்கோடிங்’ எனும் முதலிரு எண்ணிக்கைகளும் குறையவில்லை எனின், அப்போது புதிய கணனி பற்றி ஆலய பரிபாலன சபை ஆலோசிக்கலாம். அது காரணம் அறிந்து செய்யும் செலவாக அமையும்.

திருக்குளத்திலே துடைத்து வைத்த பழைய குத்துவிளக்கும் புதிய விளக்கைப் போலவே ஒளி தருகின்றது. வேண்டாத சுமைகளை நீக்கி, அளவறிந்து இயக்கப்படும் பழைய கணனியும் அவ்வாறே பணி செய்யும். கடல்கடந்த ஒரு வீட்டிலே, நள்ளிரவில் விழித்திருக்கும் ஒரு தாய், தேர் இருப்பிடத்தை வந்தடையும் வரை இமைகொட்டாது கண்டு கைகூப்புவாராயின், அதுவே இத்தொண்டில் ஈடுபடும் இளைஞர்கள் பெறும் நிறைவாகும். அந்நிறைவு ஒவ்வோர் ஆண்டும் அவர்களுக்குக் கிட்ட இறைவன் திருவருள் பாலிப்பாராக.